நான்கு மணிக்குக் கழற்றிய முகமூடி

உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் தமக்கு இருப்பதாக மருத்துவர் சொல்லக் கேட்டு, காற்றூதும் ஓர் இயந்திரத்தோடும் முகமூடியோடும் வீடு திரும்பியவர்கள் இந்நகரில் பலர் இருக்கக்கூடும். அவர்கள் முதலில் கேட்பது, இது எத்தனை நாளில் குணம் தரும் என்பதே. நானும் அதையே கேட்டேன். எனக்குக் கிடைத்த விடையில் பிழை இல்லை. அதை நான் கைக்கொண்ட விதத்தில்தான் பிழை இருந்தது. அதன் பலனை அனுபவித்தவள் என் மனைவி. என்னைப்போல் இன்னொருவர் செய்துவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சாலைக் கம்போளம் என்னும் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் நாற்பத்தொரு ஆண்டுகள் சரக்கு நிறுத்துக் கொடுத்தேன். மருத்துவம் அறியேன். இங்கு சொல்லும் மருத்துவச் செய்திகள் யாவும் மருத்துவர் எனக்குச் சொல்லி நான் விளங்கிக்கொண்டவை.

வலியசாலையில் நானும் என் மனைவி விசாலமும் மட்டும் வசித்துவந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிட்டன. அத்தகையவர்களுக்கு உணவூட்டுவதற்கு முறை உண்டு. நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். குழைய வடித்த சாதத்தையோ கஞ்சியையோ சிறு கரண்டியில் அரைக் கரண்டி மட்டும் எடுத்துத் தர வேண்டும். தொண்டை ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைத் தர வேண்டும். ஒரு வேளை உணவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று ஆண்டுகளாக மூன்று வேளையும் நானே ஊட்டினேன். எங்கள் மகன் மணி தன் மனைவி ஸ்ரீஜாவோடு கழக்கூட்டத்தில் இருக்கிறான்; இருவருக்கும் கணினி நிறுவனத்தில் வேலை. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லும்போதெல்லாம் நான் மறுத்தேன். விசாலமும் என் கையிலன்றி வேறு எவர் கையிலும் உண்ணமாட்டாள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கடந்த ஓராண்டாகப் பகலில் உறக்கம் என்னை அமுக்கியது. காலையில் தலை கனத்து வலிக்கும். பேருந்தில் நின்றபடியே கண் சொருகும். வயதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் நண்பகலில் விசாலத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே உறங்கிப்போனேன். என் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. சிந்தாமல் இருக்க அதை அவள் வாயருகே பிடித்திருந்தேன். என் கை சரிந்து கஞ்சி முழுவதும் அவள் வாயில் கவிழ்ந்தது. கத்த அவளுக்குக் குரல் இல்லை. அசையும் இடக்கையால் கட்டிலின் கம்பியை அடித்திருக்கிறாள். அந்த ஓசை எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மாமிக்குக் கேட்டது. மாமி வந்து என் தோளை உலுக்கியபோது விசாலத்தின் உதடுகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. அவள் கண்கள் என் முகத்தின்மேல் இருந்தன.

உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சீழ் பிடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். எப்படி நேர்ந்தது என்று கேட்ட மருத்துவரிடம், "புரை ஏறிவிட்டது" என்றேன். அது பொய்யன்று. மெய்யும் அன்று.

இங்குள்ள மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையிருப்பவரைப் பைஸ்டாண்டர் என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் முப்பது பேர் இருந்தோம். நர்ஸ் கதவைத் திறந்து நோயாளியின் பெயரைச் சொல்வார். உரியவர் ஓடிச்சென்று சீட்டை வாங்கி, கீழ்த்தளத்தில் மருந்து வாங்கி வர வேண்டும். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் முப்பது முகங்களும் நிமிரும். எந்தப் பெயர் எதற்காக அழைக்கப்படுகிறது என்று தெரியாத அந்த ஒரு நொடியை நான் எதிரிக்கும் விரும்பமாட்டேன். மூன்றாம் நாள் விசாலத்தின் பெயரை நான்கு முறை அழைத்திருக்கிறார்கள். நான் உறங்கிக்கொண்டிருந்தேன்.

கண்விழித்தபோது என் எதிரே வெள்ளைக் கோட்டு அணிந்த பெண்மணி ஒருவர் நின்றார். விசாலத்தின் நுரையீரலைப் பார்த்துவந்த டாக்டர் பிந்து அவர்தாம். கொல்லத்துக்காரர், தமிழை மலையாளம் கலந்து பேசுவார்.

"மாமா, நீங்க உறங்கறதை நான் அஞ்சு நிமிஷமா நோக்கி நின்னேன், கேட்டோ. மூச்சு நின்னு நின்னு போகுது. எண்ணினேன். அஞ்சு நிமிஷத்துக்குள்ளே நாலு வட்டம்."

"அசதி டாக்டர். மூணு நாளா இங்கேதான் இருக்கேன்."

"அசதி இல்லை. அசதின்னா உறங்குவீங்க. நீங்க உறங்கவே இல்லை. உறங்கப் போய் போய்த் திரும்பி வர்றீங்க. அன்னிக்கு ஊட்டும்போதும் இப்படித்தானே?"

அருகில் மணி நின்றிருந்தான். அவர் சென்ற பிறகு, தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அப்பா, அன்னிக்கு உறங்கிட்டேளா?"

"ஆமாம்."

"மாமி சொன்னா. உங்க வாயாலே வரட்டும்னு இருந்தேன்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கடைக்குப் போய்க் காப்பி வாங்கி வந்து, ஆற்றி, என் கையில் கொடுத்தான்.

விசாலம் பதினோராம் நாள் சாதாரண அறைக்கு மாற்றப்பட்டாள். அந்த வாரமே எனக்கு உறக்கப் பரிசோதனை நடந்தது. அதே மருத்துவமனையில் ஒரு தனியறை. தலையிலும் கன்னத்திலும் பசை வைத்து ஒயர்களை ஒட்டினார்கள். மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள். விரல் நுனியில் ஒரு கவ்வி. மூக்கின் கீழ் ஒரு குழாய். இத்தனையும் மாட்டிவிட்டு, "இனி சுகமா உறங்கிக்கோ மாமா" என்று பரிசோதகர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

முடிவை டாக்டர் பிந்து தாளில் வரைந்து விளக்கினார். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. எனக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. இரத்தத்தில் உயிர்வளி குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுந்து தசைகளை இறுக்குகிறது, பாதை திறக்கிறது, மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. இப்படி எனக்கு மணிக்கு நாற்பத்திரண்டு முறை நிகழ்ந்தது. நான் விழித்ததாக எனக்கு நினைவே இராது. இயந்திரம் செய்வது இதுதான்: முகமூடி வழியாகக் காற்றை ஓர் அழுத்தத்தோடு செலுத்தி, அந்தப் பாதை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. நோயை அது நீக்குவதில்லை. அணிந்திருக்கும் நேரம் மட்டும் காக்கிறது.

"எத்தனை நாளிலே சரியாகும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"சிலருக்கு மறுநாளே தெரியும். தலைவலி முதல்லே போகும். ராத்திரி மூத்திரத்துக்கு எழுந்திருக்கறது குறையும். பகல் உறக்கம் போக சிலருக்கு ரெண்டு வாரம், சிலருக்கு ரெண்டு மூணு மாசம். உங்களுக்கு எத்தனைன்னு நான் இப்போ சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். உறங்கற நேரம் முழுக்க போடணும். உச்சைக்கு, பகல்லே ஒரு அரை மணி கண் அசந்தாலும் போடணும். உங்களுக்கு விடியக்காலம்தான் ரொம்ப மோசம், கேட்டோ."

நான் தலையாட்டினேன். எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டதாகவே எண்ணினேன்.

மணி தன் சேமிப்பிலிருந்து இயந்திரத்தை வாங்கித் தந்தான். விசாலத்தைக் கழக்கூட்டத்தில் தன் பிளாட்டுக்கு அழைத்துச் சென்றான். ஸ்ரீஜா விடுப்பு எடுத்திருந்தாள்.

"ஆறு வாரம்பா. அதுக்கு மேலே ஸ்ரீஜாக்கு லீவ் கெடைக்காது. நீங்க சரியாயிட்டா அம்மா ஆத்துக்கு வருவா. இல்லேன்னா..." என்று நிறுத்தினான்.

"இல்லேன்னா?"

"ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன். நல்ல எடம்தான்."

விசாலம் அடுத்த அறையில் இருந்தாள். கேட்டிருப்பாள்.

அந்த ஆறு வாரங்களையும் வலியசாலை வீட்டில் தனியே கழித்தேன். எனக்கு வாயால் மூச்சுவிடும் பழக்கம் இருந்தமையால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய முகமூடியைத் தந்திருந்தார்கள். முதல் இரவு, ஓடும் வண்டியின் சன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டியதுபோல் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் பிய்த்து எறிந்தேன். பிறகு விசாலத்தின் உதடுகள் நினைவுக்கு வர, மறுபடி மாட்டிக்கொண்டேன். வாய் காய்ந்தது. மூக்கின் மேற்புறம் புண்ணாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த ஸ்ரீஜா அதைக் கண்டு, தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, பட்டைகளுக்கும் மூக்கில் படும் விளிம்புக்கும் உறை தைத்துக் கொடுத்தாள். "வேதனிச்சா சொல்லணும் அப்பா, மிண்டாம, வாய் தொறக்காம இருக்கக் கூடாது" என்றாள். அவ்வளவு மென்மையான பொருளை அதற்குமுன் என் முகம் அறிந்ததில்லை.

இரண்டாம் வாரத்தில் தலைவலி நீங்கியது. மூன்றாம் வாரத்தில் இரவில் ஒருமுறைதான் எழுந்தேன். ஆனால் பகலுறக்கம் மட்டும் போகவில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் பேருந்தில் உறங்கி, கோயிலை ஒட்டிய கிழக்கேகோட்டை நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பின்னும் உட்கார்ந்திருந்தேன். "அப்பூப்பா, இதுக்கு மேலே பஸ் போகாது, பத்மநாபன்தான் இருக்கார்" என்று நடத்துநர் எழுப்பினார். ஓர் இரவுகூடத் தவறாமல் முகமூடி அணிந்தும் இப்படியா என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன். நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. இயந்திரத்தின்மேல் சினம் வந்தது, பிறகு மருத்துவர்மேல், பிறகு, வெட்கத்தோடு எழுதுகிறேன், நோயுற்றுக் கிடந்தவள்மேலும் வந்தது.

ஆறாம் வாரத்தின் இறுதியில் மணி என்னைக் கழக்கூட்டத்துக்கு அழைத்தான். நண்பகல் உணவை என்னையே ஊட்டச் சொல்லிவிட்டு, வாசற்படியில் நின்று பார்த்தான். ஆறேழு கரண்டிவரை நன்றாகவே நடந்தது. பிறகு என் தலை ஒருமுறை முன்னால் சாய்ந்தது. ஒரு கணம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். கண்ணைத் திறந்தபோது கரண்டி மணியின் கையில் இருந்தது.

"போறும்பா" என்றான்.

மறுவாரம் விசாலத்தைக் கரமனை ஆற்றுக்கு அப்பாலிருந்த அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

அன்று மாலை மணி என்னைத் தனியே விட மனமில்லாமல் வலியசாலையிலேயே தங்கினான். என் பிழை வெளிப்பட்டது அப்போதுதான்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் காலமுதல் நான்கு மணிக்கு எழுந்து குளித்து, மடி வேட்டி உடுத்திக்கொள்வோம். மடி என்பது குளித்தபின் பிற எதையும் தீண்டாத தூய்மை. நான் குளித்துவிட்டு, சுவாமி அறையில் பலகையின்மேல் சாய்ந்து நாமம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆறரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுவேன். ஐம்பது ஆண்டுகளாக இதுவே நடைமுறை. வாய் பட்ட பொருள் எச்சில். மடியோடிருப்பவன் அதைத் தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். என் முகமூடியின் உட்புறம் இரவெல்லாம் என் வாய்நீரில் நனைந்தது. ஆகவே நான்கு மணிக்கு அதைக் கழற்றிக் கழுவிக் கொடியில் போட்டால், இரவு வரும்வரை தொடமாட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் மணி சுவாமி அறை வாசலில் நின்று என்னை எழுப்பினான். அவன் கையில் கைபேசி இருந்தது.

"என்னப்பா பண்றேள்?"

"ஜபம்."

"ராமநாமத்துக்கு இவ்வளவு கொறட்டை வேணுமா?" என்று கைபேசியை என்முன் நீட்டினான். அதில் என் உருவம் பலகையில் கிடந்தது. குறட்டை உயர்ந்தது, அடங்கியது. மார்பு அசையவில்லை. நான் என்னையே பார்த்துக்கொண்டு, எப்போது மூச்சு வரும் என்று காத்திருந்தேன். வந்தபோது, நீரில் மூழ்கியவன் தலைதூக்கியதுபோல் இருந்தது.

"நாலேகால்லேந்து ஆறேகால். ரெண்டு மணிநேரம். தெனமும் இப்படியா?"

அவன் குரல் உடைந்தது. தினமும் அப்படித்தான். அதை நான் உறக்கமென்று ஒருபோதும் கருதியதில்லை.

டாக்டர் பிந்து இயந்திரத்தின் நினைவு அட்டையைக் கணினியில் இட்டுப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்குத் தொடங்கி நான்கு மணிக்கு அறுந்துபோன கோடுகள் வரிசையாக நின்றன. அவர் எனக்கு மீண்டும் விளக்கினார். இரவின் முற்பகுதி உறக்கமும் பிற்பகுதி உறக்கமும் ஒன்றல்ல. கனவு காணும் உறக்கம் விடியலை நோக்கித்தான் மிகுகிறது. அந்த வேளையில் உடலின் தசைகள் அறவே தளர்ந்துவிடும். என் மூச்சு மிகுதியாக நின்றதும் அந்த வேளையில்தான். இரவெல்லாம் இயந்திரம் சேர்த்துக் கொடுத்ததை நான் காலையில் பலகையில் படுத்துத் தொலைத்திருந்தேன்.

"நான் சொன்னேனே மாமா, விடியக்காலம் மோசம்னு."

"சொன்னேள்."

"குளிக்கறதை ஆறரைக்கு மாத்த முடியாதா?"

எத்தனை எளிய கேள்வி. ஐம்பது ஆண்டு வழக்கத்தை நினைத்துக்கொண்டே, "மாத்திக்கறேன்" என்றேன். மறுநாள் முதல் நான்கு மணிக்கு விழிப்பு வந்தாலும் முகமூடியோடு படுத்திருந்தேன். முதல் சில நாட்கள், வெளியே பிறர் வீடுகளில் வாளி நிரம்பும் ஓசை கேட்க, நான் மட்டும் எச்சிலோடு கிடப்பதாகக் கூச்சமாக இருந்தது. நாமத்தை முகமூடிக்குள்ளேயே சொன்னேன்.

பத்தாம் நாள் பேருந்தில் உறங்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் பகல் முழுவதும் கண் தெளிவாக இருந்தது. எட்டாம் வாரத்தில் டாக்டர் பிந்து கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூச்சு நின்றது மணிக்கு மூன்று முறைதான். ஆகவே, எத்தனை நாள் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் இது: முறையாக அணிந்தால் எனக்கு எட்டு வாரம். முறை தவறி வீணாக்கிய ஏழு வாரத்தை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். உறங்குவதாக நீங்கள் நினைக்காத நேரத்தில் உறங்குகிறீர்களா என்று வீட்டிலுள்ள ஒருவரைப் பார்த்துச் சொல்லச் செய்யுங்கள். தனியே வாழ்பவரானால் யாரையாவது ஓர் இரவு வந்து தங்கச் சொல்லுங்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

அவர் அச்சிட்டுக் கொடுத்த தாளை மணி இரண்டு முறை படித்தான். "அம்மாவை ஆத்துக்குக் கூட்டிண்டு வந்துடலாம்பா" என்றான். இல்லத்தில் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: ஒரு வாரம் அங்கேயே, பணிப்பெண் பார்க்க, நான் ஊட்டிக் காட்ட வேண்டும்.

அந்தப் பணிப்பெண் லீலா, மார்த்தாண்டம் பக்கத்தைச் சேர்ந்தவள். விசாலத்தை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு, "இன்னைக்கு ஆரு வந்திருக்காவன்னு பாருங்கம்மா. பாட்டா வந்திருக்காவ, மாப்பிள்ளை மாதிரி சவரம் பண்ணிக்கிட்டு" என்றாள். நான் அரைக் கரண்டி சாதம் எடுத்து நீட்டினேன். என் கண் அவள் தொண்டையில் இருந்தது.

விசாலம் வாயைத் திறக்கவில்லை. அவள் கரண்டியைப் பார்க்கவே இல்லை. என் கண்களைப் பார்த்தாள். அவளுடைய இடக்கை நகர்ந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"அம்மே, வாயத் தொறங்க. பாட்டா இல்லியா?" என்றாள் லீலா.

உதடுகள் இன்னும் இறுகின. சாதம் ஆறியது. லீலா என்னிடமிருந்து கரண்டியை வாங்கி நீட்டியதும் வாய் திறந்தது.

மணி கட்டிலருகே மண்டியிட்டான். "அம்மா, ஆத்துக்குப் போலாமா? அப்பாக்கு சரியாயிடுத்து. டாக்டரே சொல்லிட்டா."

பேச்சிழந்த மூன்று ஆண்டுகளில் ஆம், இல்லை என்ற இரண்டை அவள் தலையசைவால் சொல்லப் பழகியிருந்தாள். அவள் தலை இடமும் வலமும் மெல்ல அசைந்தது. ஒருமுறை போதும்; அவள் மூன்று முறை அசைத்தாள்.

வெளியே வந்தபின் மணி என் கையைப் பிடித்துக்கொண்டான். "கொஞ்ச நாள் ஆகும்பா" என்றான். எத்தனை நாள் என்று நான் அவனைக் கேட்கவில்லை. டாக்டர் பிந்துவையும் கேட்கவில்லை.

இது நடந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. நாள்தோறும் பதினொன்றரைப் பேருந்தில் ஏறி, நண்பகல் உணவு வேளைக்கு அங்கே இருக்கிறேன். பெரும்பாலும் லீலாதான் ஊட்டுகிறாள். ஒவ்வொரு நாளும் முதல் கரண்டியை என்னிடம் தருவாள், நான் நீட்டுவேன், சிறிது நேரம் காத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். "நாளைக்குப் பாப்போம் பாட்டா" என்பாள்.

நேற்று விசாலம் இரண்டு கரண்டி என் கையால் உண்டாள். விழுங்கும்போதும் அவள் பார்வை என் இமைகளைவிட்டு நகரவில்லை. நான் இமைக்காமல் இருக்க முயன்றேன். கண்ணில் நீர் கோத்தது. மூன்றாவது கரண்டிக்கு அவள் முகத்தை லீலாவின் பக்கம் திருப்பிக்கொண்டாள். கரண்டியைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். லீலா நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தால் நான் உறங்கிவிடுவேனோ என்று விசாலம் அஞ்சுவாள் என்பதால், அவள் உண்டு முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.